குடம் சாய்த்த ஆற்றுச்சாமி

அமராவதி ஆற்றங்கரையில் ஒரு தாழம்புதர். அதை ஒட்டி ஒரு குட்டை. அதில் ஓர் ஆமையும் ஒரு நண்டும் ஒரு தவளையும் குடியிருந்தன.

ஒருநாள் நண்டு வளை தோண்டும்போது பழைய செப்புக்காசு ஒன்று அகப்பட்டது. பச்சைக் களிம்பேறிய காசு. நண்டு அதை இழுத்து வந்து பாறைமேல் போட்டது. ஒரு பக்கம் யாரோ ஒரு ராஜாவின் தலை. மறுபக்கம் தாடிக்காரர் ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கையில் நாணல். முழங்கைக்கு அடியில் ஒரு சாய்ந்த குடம். குடத்திலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பனிக்காலத்துக்கு வந்து தங்கியிருந்த நாரை அதை எட்டிப் பார்த்தது. பார்த்ததும் அதற்குக் கண் கலங்கிவிட்டது.

"அட, இது எங்க ஊர் ஆத்துச்சாமி! ரோமாபுரி ராஜா ஆண்டப்போ, எங்க ஊர்க்காரங்க அவங்க ஆத்தையே சாமியாக்கிக் காசுல பொறிச்சாங்களாம். நான் முட்டையிலிருந்து வெளியே வந்ததே அந்த ஆத்தங்கரையிலதான். சாமி குடத்தைச் சாய்ச்சா ஆறு ஓடும்னு அம்மா சொல்லுவா. ம்... எப்ப ஊர் போய்ச் சேருவேனோ!"

வெயில்காலம் தொடங்கியதும் நாரை தன் ஊருக்குப் பறந்துவிட்டது. அது சொன்னது மட்டும் ஆமையின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

சித்திரை வந்தது. குட்டை வற்றத் தொடங்கியது.

"எப்படி இருந்த குட்டை!" என்று ஆமை பெருமூச்சு விட்டது. "இந்தக் கரையில முங்குனா அந்தக் கரையிலதான் எந்திரிப்பேன். அல்லிப்பூ வாசம் மூக்கைத் துளைக்கும். அந்த நாள் திரும்பி வரணும். சாமிக்கு அபிஷேகம் பண்ணுவோம், குடத்தைச் சாய்ப்பாரு!"

அவ்வளவுதான். விடிந்தால் அபிஷேகம்! ஆளுக்கு மூன்று வாய் தண்ணீரைக் குட்டையிலிருந்து மொண்டு போய்ப் பாறைமேல் இருந்த காசின்மேல் ஊற்றின. பாறை கொதித்தது. ஊற்றிய தண்ணீர் சுர்ரென்று காணாமல் போனது. இப்படியும் ஒரு கூத்து உண்டா!

தவளைதான் தவித்தது. குட்டையில் அதன் குஞ்சுகள் நூறு இருந்தன. எல்லாம் தலைப்பிரட்டைகள், இன்னும் கால் முளைக்கவில்லை. தரையில் தத்திப் போகவும் முடியாது. தண்ணீரோ விரல் ஆழம்தான் மிச்சம்.

"ஆமையண்ணா, இனி ஒரு சொட்டுகூடக் குடுக்க மாட்டேன்!" என்றது தவளை.

"ஐயையோ, சாமி குத்தம் ஆயிரும்!" என்று நண்டு பதறியது.

"இன்னும் நாலே நாள் பொறு, தங்கச்சி. பழையபடி ததும்பும் பாரு" என்றது ஆமை.

"நாலு நாளா? வந்து பாருங்க!"

தவளை ஆமையைக் குட்டையோரம் கூட்டிப்போனது. சேற்றில் மூன்று குஞ்சுகள் வயிற்றைக் காட்டியபடி கிடந்தன. மற்றவை வாயைத் திறந்து திறந்து மூடின. ஆமை கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

தவளை நண்டின் பக்கம் திரும்பியது. "காசுல இவ்வளவு பச்சை ஏறியிருக்கே. ஈரத்துலயா கிடந்துது?"

"ஈரமாவா! தாழை வேருக்கு அடியில, ரெண்டு முழம் ஆழத்துல கிடந்துது. காசை உருவுனதும் தண்ணி கொப்புளிச்சுது. வளைக்குள்ள வந்துருமோன்னு களிமண்ணை வெச்சு நல்லா அடைச்சுட்டேன்" என்று நண்டு பெருமையாகச் சொன்னது.

"அடப்பாவி! ஊத்துக்கண்ணை அடைச்சு வெச்சுட்டா இத்தனை நாளா அபிஷேகம் பண்ணினே?"

ஆமை கழுத்தை நீட்டியது. அதன் கண்ணில் நீர் நின்றது. "போன தண்ணிய நெனச்சு ஏங்கி, இருந்த தண்ணிய நானே கொட்டிட்டேனே! வழி விடுங்க!"

ஆமை தாழம்புதருக்கு ஓடியது. ஆமை ஓடி நண்டும் தவளையும் அன்றுதான் பார்த்தன! நகம் தேயத் தோண்டியது. நண்டு களிமண்ணைப் பிடுங்கியது. தவளை குட்டைவரை வாய்க்கால் கீறியது. உச்சிவெயிலில் ஊற்று கண் திறந்தது. தண்ணீர் சலசலவென்று ஓடி வந்து குஞ்சுகளின்மேல் புரண்டது. தொண்ணூற்றேழும் வாலை ஆட்டின.

அடுத்த பனிக்காலத்தில் நாரை திரும்பி வந்தது. தவளை தன் பிள்ளைகளோடு இலைக்கு அடியில் பதுங்கிக்கொண்டது. நாரையின் வாயை யார் நம்புவது!

"எங்க ஊர்ச்சாமி எங்கே?" என்று நாரை கேட்டது.

ஆமை ஊற்றைக் காட்டியது. ஆமை திரும்பக் கொண்டுவந்து போட்ட காசு அதன் அடியில் கிடந்தது. மேலே நீர் அலையும்போது குடத்திலிருந்தே தண்ணீர் வருவதுபோல் தெரிந்தது. நாரை தன் ஆற்றை நினைத்துக்கொண்டது. ஆமை தன் அல்லிப்பூக்களை நினைத்துக்கொண்டது. இரண்டும் வெகுநேரம் அங்கேயே நின்றன.

போன நாட்களை ஆசையோடு நினைக்கலாம். அதற்காகக் கையில் இருக்கும் நாளை வீணாக்கக் கூடாது.