சிவப்பி போட்ட வாதாங்காய் வழக்கு

“அறுபது வாதாங்காய்! கூடப் பிறந்த அண்ணன்! வாங்கவே இல்லை என்கிறானே!”

சிவப்பி என்ற அணில் கிளைக்குக் கிளை தாவிக் கத்திக்கொண்டே ஓடியது. காடே திரும்பிப் பார்த்தது.

நடந்தது இதுதான். போன வருஷ மழையில் அண்ணன் கருவாலனின் பொந்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சேர்த்து வைத்த தீனியெல்லாம் அழுகிப்போனது. கருவாலன் தங்கையிடம் ஓடி வந்தது. சிவப்பி தன் பொந்திலிருந்து அறுபது காய்ந்த வாதாங்காய்களைக் கடனாக எடுத்துக் கொடுத்தது. “சாட்சிக்கு யாரையாவது கூப்பிடலாமா அண்ணே?” என்று கேட்டதற்கு, “அண்ணன் தங்கைக்குள்ளே சாட்சியா? வெட்கமா இல்லை?” என்றது கருவாலன். சிவப்பி வெட்கப்பட்டு யாரையும் கூப்பிடாமல் விட்டுவிட்டது.

இந்த வருஷம் கருவாலனின் பொந்தில் வாய்வரைக்கும் காய். சிவப்பிக்கோ நான்கு குட்டிகள், காலிப் பொந்து. வானத்தில் மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் ஒரு மாதம் வெளியே தலைகாட்ட முடியாது. காய் வராவிட்டால் குட்டிகள் பிழைக்காது!

சிவப்பி நேராக மைனா வக்கீலிடம் போனது. மைனா தலையைச் சாய்த்து, “வழக்கு பலமான வழக்குத்தான். என் கூலி நாற்பது அத்திப்பழம். இப்போதே கொடுக்கணும்!” என்றது.

“நாற்பது பழம் இருந்தா நான் ஏன் வழக்குப் போடறேன்? போய்யா! எனக்கு வாய் இல்லையா? நானே பேசிக்கறேன்!” என்றது சிவப்பி.

மனுக்களை மரப்பட்டையில் கொத்தி எழுதுவது மரங்கொத்தியின் வேலை. சிவப்பி சொல்லச் சொல்ல அது கொத்தியது. கல்யாணத்தில் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டது, முதல் குட்டிக்குத் தாய்மாமன் சீர் வராதது, பொங்கலுக்கு எட்டிப் பார்க்காதது... மூன்று மரம் நிரம்பிவிட்டது!

“அம்மா! என் மூக்கே தேய்ஞ்சுபோச்சு! உனக்கு என்னதான் வேணும்?” என்று அலறியது மரங்கொத்தி.

“அறுபது வாதாங்காய்!”

“அதை இன்னும் சொல்லவே இல்லையே! அதை மட்டும் சொல்லு!”

நாலாவது மரத்தில் ஒரே வரியில் மனு முடிந்தது.

நீதிபதி ஒரு கிழட்டு அழுங்கு. உடம்பெல்லாம் செதில் உள்ள எறும்புத்தின்னி. நீதிபதி என்பதால் அவரை மட்டும் மரியாதையாகவே சொல்வோம். மகா நியாயஸ்தர். ஆனால் அவருக்குச் சத்தம் ஆகாது. யாராவது கத்தினால் போதும், உடனே பந்தாகச் சுருண்டுகொள்வார். அப்புறம் அன்றைக்கு யார் கூப்பிட்டாலும் பிரியமாட்டார். மரங்கொத்தி “வாய்தா!” என்று கூவிவிடும். வழக்கு இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போகும்.

விசாரணையின் முதல் நாள் மாலை கருவாலன் மைனா வக்கீலோடு வந்து நின்றது. வழக்கு முடிந்ததும் நாற்பது பழம் தருவதாகக் கருவாலன் சொன்னதை, அதன் நிறைந்த பொந்தைப் பார்த்து மைனா நம்பிவிட்டது! மைனா அதன் காதில் ஏதோ சொல்லியது. கருவாலன் தங்கையைப் பார்த்துச் சிரித்தது.

“பிச்சைக்காரி! உன் வீட்டுக்காரனுக்கு ஒழுங்கா ஒரு மரம் ஏறத் தெரியுமா?”

“யாரைச் சொன்னே? அவரையா சொன்னே?” சிவப்பி கீச்சுக் கீச்சென்று கத்தித் தீர்த்தது. சரக்கென்று நீதிபதி சுருண்டார்.

“வாய்தா!”

இரண்டாம் நாளும் அதே கதை. “அம்மாவைக் கடைசிவரைக்கும் காப்பாத்தினது நான்! நீ எங்கேடி போயிருந்தே?” என்றது கருவாலன். மூன்று மாதம் அம்மாவுக்குப் பழச்சாறு ஊட்டியது சிவப்பிதான். பொறுக்குமா? அது கத்திய கத்தலில் நீதிபதி உருண்டு பள்ளத்திலேயே விழுந்துவிட்டார்.

“வாய்தா! நாளை கடைசி நாள்! மழை வந்தால் நீதிபதி வளைக்குள் போய்விடுவார். அப்புறம் அடுத்த கோடைதான்!”

சிவப்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போது மைனாவின் முகத்தைப் பார்த்தது. அது தோற்ற வக்கீலின் முகமாக இல்லை. ஒரே குஷியாக இருந்தது! ‘அடப்பாவிகளா! நான் கத்துவதுதான் இவர்களுடைய வாதமா?’ என்று சிவப்பிக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்றாம் நாள் இடி உறுமியது. கருவாலன் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தது. “நன்றி கெட்டவளே!”

சிவப்பி தன் வாலை வாய்க்குள் திணித்துக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது. பிறகு வாலை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டது.

“அண்ணே, அறுபது வாதாங்காய் வாங்கினியா, இல்லையா?”

“உன் குட்டிகளைப் பார்த்தாலே திருட்டு முழி!”

வால் மறுபடி வாய்க்குள் போனது. மறுபடி வெளியே வந்தது. “அண்ணே, அறுபது வாதாங்காய் வாங்கினியா, இல்லையா?”

மைனா தடுமாறியது. “கனம் நீதிபதி அவர்களே, இது குடும்ப விவகாரம்...”

“அவள் குடும்பத்தைப் பற்றிக் கேட்கவில்லையே! காயைப் பற்றித்தானே கேட்கிறாள்?” என்றார் நீதிபதி. கழுத்தை நன்றாக நீட்டி உட்கார்ந்திருந்தார்.

கருவாலன் அம்மாவை இழுத்தது, அண்ணியை இழுத்தது, சீரை இழுத்தது. சிவப்பி கத்தவே இல்லை! மூன்றாம் முறையும் அதே கேள்வி, அதே மெல்லிய குரல். கருவாலனுக்கு உச்சியில் ஏறிவிட்டது. மைனா இறக்கையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டியும் அது பார்க்கவில்லை.

“பெரிய வாதாங்காய்! சும்மா அதையே சொல்லிக்கிட்டு! நீ கொடுத்ததில் பாதி சொத்தை! அதைக் கடிச்சு என் பல்லே ஆடிப்போச்சு, தெரியுமா?”

காடு அதிர்ந்தது. நீதிபதி சரக்கென்று சுருள ஆரம்பித்தார். “வாய்...” என்று மரங்கொத்தி வாயைத் திறந்தது.

“பொறு!” பாதி சுருண்ட பந்துக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. “யார் கொடுத்த காய்? யார் பல் ஆடிற்று?”

மைனா இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டது. கருவாலன் சட்டென்று வாலால் தன் வாயைப் பொத்திக்கொண்டது.

“தீர்ப்பு! அறுபது காயும் மழை விழுவதற்குள் சிவப்பியின் பொந்துக்குப் போகவேண்டும். கருவாலனே சுமக்கவேண்டும்!”

சிவப்பி துள்ளிக் குதித்தது! ஆனால் அப்போதும் சத்தமே போடவில்லை.

அறுபது காய்க்கு முப்பது நடை. கருவாலன் மூச்சிரைக்க ஏறி இறங்கியது. கீழே மைனா, “என் நாற்பது பழம் எங்கே?” என்று ஒவ்வொரு நடைக்கும் கேட்டது. கடைசி நடையில் நான்கு குட்டிகளும் வாசலுக்கு ஓடி வந்தன. “மாமா வந்தாச்சு! மாமா எங்களுக்குக் காய் கொண்டு வந்தாச்சு!” என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டன. கருவாலனால் அவற்றின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிவப்பியும் நடந்ததைக் குட்டிகளிடம் சொல்லவில்லை.

நியாயம் கேட்கப் போகிறவர் பழைய கோபங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, கேட்க வேண்டியதை மட்டும் நிதானமாகக் கேட்டால், உண்மை எதிராளியின் வாயிலிருந்தே வந்துவிடும்.