சும்மா ஒரு ரெய்டு

குனிந்தவனால் நிமிர முடியவில்லை.

களத்துக்குள் போகும் முன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது கபடி ஆடுகிறவர்கள் வழக்கம். ஜெபசிங்கும் அதைத்தான் செய்யப் பார்த்தான். விரல் மண்ணைத் தொட்டது. அதோடு சரி. அடி இடுப்பில் ஆணி அறைந்த மாதிரி அப்படியே நின்றான்.

"அண்ணனுக்கு இன்னைக்கு வேண்டுதல் நீளம் போல," என்றான் கொம்பையா. மூன்று மாதமாக ஜெபசிங்கின் இடத்தில் எதிரணிக்குள் ரெய்டு போகிறவன் அவன்தான். பையன்கள் சிரித்தார்கள்.

கபடி சொல்லிக்கொடுக்கும் லிங்கதுரை மாஸ்டர் வந்தார். ஜெபசிங்கைவிட ஆறு வயதுதான் மூப்பு. தூக்கிவிடுவார் என்று பார்த்தால் தூக்கவில்லை.

"முட்டில கைய ஊனு. மூச்ச விடு. மெதுவா எந்திரி."

எழுந்தான். முகமெல்லாம் வேர்வை.

"இனி நட."

"வலிக்கி மாஸ்டர்."

"களத்தச் சுத்தி மெதுவா நட."

நடந்தான். அது திங்கட்கிழமை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மேட்சில், இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தான். வந்திருக்கலாம். பக்கத்தில் இன்னொரு கால் தெரிந்தது. அதற்காகத் திரும்பினான். நாலு பேர் மேலே விழுந்தார்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, நாளாகும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டால், உடம்பே சொல்லும் என்றார். அவன் உடம்பு காலையில் ஒன்று சொன்னது, சாயங்காலம் வேறொன்று சொன்னது. எதை நம்புவது?

வெள்ளிக்கிழமை வலி சுத்தமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் கொடைத் திருவிழா மேட்ச். அதிலும் வெளியே உட்கார்ந்தால் அவன் இடம் கொம்பையாவுக்கே போய்விடும். பனியனை மாற்றிக்கொண்டு மாஸ்டர் முன்னால் வந்து நின்றான்.

"இன்னைக்கும் நட," என்றார்.

ஜெபசிங்குக்குப் பொறுமை போய்விட்டது.

"வலிக்கின்னு சொன்னா நடக்கச் சொல்லுதிய. வலிக்கலன்னு சொன்னாலும் நடக்கச் சொல்லுதிய. எனக்கு ஒண்ணும் விளங்கல. சரியாயிட்டா இல்லியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மாஸ்டர் களத்தைக் கை காட்டினார்.

"ஒரு ரெய்டு போ."

ஜெபசிங்குக்குக் காதை நம்ப முடியவில்லை.

"நடுக்கோட்டத் தாண்டிப் போ. உள்கோட்டையும் தாண்டு. யாரையும் தொடாம திரும்பி வா."

"சும்மா வரவா?"

"சும்மாதான் வரணும்."

"அதுல என்ன தெரியும்?"

"நீ ஞாயித்துக்கிழமை ஆடலாமா வேண்டாமான்னு தெரியும்."

இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. யாரையும் தொடாமல் திரும்பினால் பாயிண்ட் கிடையாது, அவுட்டும் கிடையாது. உள்கோட்டைத் தாண்டிவிட்டால் விதிப்படி அதில் தப்பே இல்லை. என்ன, அந்த வட்டாரத்தில் அப்படி வருகிறவனை வேடிக்கை பார்க்க வந்தவன்கூட மதிக்க மாட்டான்.

மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். நிமிர்ந்தான். வலிக்கவில்லை.

கபடி கபடி என்று பாடிக்கொண்டே உள்ளே போனான். உள்கோட்டையும் தாண்டிவிட்டான். திரும்ப வேண்டியதுதான் பாக்கி.

எதிர்ப்பக்கம் நின்ற கொம்பையா ஒரு காலை நீட்டினான். "அண்ணே, கால் வேணுமா? கழுவித்தான் வச்சிருக்கேன்."

பையன்கள் சிரித்தார்கள்.

ஜெபசிங் சட்டென்று பாய்ந்து அந்தக் காலைத் தட்டினான். கொம்பையா பிடிக்க வருவதற்குள் உடம்பை வளைத்து, நடுக்கோட்டைத் தாண்டி வந்து நின்றான். அடிபடுவதற்கு முன்னால்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு ரெய்டு போனதில்லை. சிரித்தவர்களே கை தட்டினார்கள்.

இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றுமே இல்லை.

"பாத்தியளா மாஸ்டர்? வலிக்கவே இல்ல. பாயிண்ட்டும் வந்துட்டு. ஞாயித்துக்கிழமை நான் இருக்கேன்லா?"

"வலிச்சுதான்னு நான் கேக்கலியே."

"பொறவு?"

"என்ன சொல்லி ஒன்ன உள்ள அனுப்புனேன்?"

ஜெபசிங் கொம்பையாவைப் பார்த்தான். அவன் அவுட்டாகிக் கோட்டுக்கு வெளியே நின்றான். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். ஏன் சிரிக்கிறான் என்று ஜெபசிங்குக்குப் புரியவில்லை. மூச்சு இன்னும் வாங்கியது.

"யாரையும் தொடாம திரும்பி வரச் சொன்னிய, மாஸ்டர்."