நெஞ்சுத்தோழன் காட்டிய வழி

ஊமத்தம்பட்டியில் புத்திசாலியே கிடையாது என்று துறையூர்ப் பக்கம் சொல்வார்கள். அது அபாண்டம். ஒருவர் இருந்தார். ஊர்க்காரர்களோடு ஒரு வருஷம் பேசிப் பார்த்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்தவர்களைப் பற்றியதுதான் இந்தக் கதை.

மாவு மில் ஏகாம்பரம் அந்த ஊரில் பெரிய மனுஷர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். அவர் ஆரம்பித்தவுடன் எதிரே இருப்பவருக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டாதது ஞாபகம் வரும், மோட்டாரை நிறுத்தாதது ஞாபகம் வரும், எழுந்து போய்விடுவார். பெண்டாட்டி மருதாயி எழுந்து போகமாட்டாள், மிக்ஸியைப் போட்டுவிடுவாள். தலை நரைத்தும் ஒரு பேச்சைக்கூட முழுசாக முடித்தறியாத மனுஷர் அவர்.

அப்படிப்பட்டவர் கைக்குத்தான் நெஞ்சுத்தோழன் வந்து சேர்ந்தது. சட்டையில் குத்திக்கொள்கிற, பிஸ்கட் அளவுக் கருவி. உள்ளே ஏஐ இருக்கிறது, எதைக் கேட்டாலும் சொல்லும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஊரே சேர்ந்து அதை வாங்கி, அதன் பேரில் ஒரு மன்றம் வைத்து, ஏகாம்பரத்தைத் தலைவராக்கி அவர் நெஞ்சில் குத்திவிட்டது. முதல் நாளே அவர் தன் மூட்டுவலியின் வரலாற்றை அதனிடம் ஆதியோடு அந்தமாகச் சொன்னார். அது குறுக்கே பேசவில்லை. அவர் முடித்த பிறகு, "மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்" என்றது.

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அதுவரை ஒரு ஜீவன்கூடக் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவர் அதைக் கழற்றவே இல்லை. அது கொஞ்ச நேரத்தில் அடுப்புக்கல் மாதிரி சுட்டது, நெஞ்சு ரோமம் கருகியது. பாசம் அதிகமானால் அப்படித்தான் என்று சொல்லி ஈரத்துணியை உள்ளே வைத்துக்கொண்டார்.

மற்றபடி அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. மணி கேட்டால் மழை வரும் என்றது. மழை வருமா என்று கேட்டால் ஏதோ ஒரு நாட்டின் தலைநகரத்தைச் சொன்னது. கம்பெனிக்கு எழுதிப்போட்டதில், "கருவி இன்னும் முழுமை பெறவில்லை. அப்டேட் வந்துகொண்டிருக்கிறது, பொறுமையாகக் காத்திருங்கள்" என்று பதில் வந்தது. மன்றத்தார் மாலையோடு பஸ் ஸ்டாப்பில் போய்க் காத்திருந்தார்கள்.

"அப்டேட்டு எந்த பஸ்ல வரும், தலைவரே?" என்று கேட்டான் செயலாளர் பூமாலை.

"வந்துக்கிட்டிருக்குன்னுதான் எழுதியிருக்கான். பஸ் நம்பர் எழுதலை. முதல்ல எறங்குற புது முகத்துக்குப் போட்டுற வேண்டியதுதான்."

முதலில் இறங்கியவர் கோழித்தீவன ஏஜெண்ட். மாலையைப் போட்டு, நாதஸ்வரத்தோடு மில் வரை அழைத்துப்போய், கருவியின் முன்னால் உட்கார வைத்தார்கள். அவரும் இவ்வளவு மரியாதை பண்ணுகிறவர்கள் சும்மா அனுப்பமாட்டார்கள் என்று ஆர்டர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் திருச்சி உறையூரிலிருந்து திவாகர் என்ற பையன் ஒரு வீடியோ போட்டான். வாங்கும் சாமான்களை உபயோகித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அவன் தொழில். நெஞ்சுத்தோழனைப் பற்றி அவன் சொன்னது இவ்வளவுதான்: "இது அரைவேக்காடு. கேட்டதுக்குப் பதில் சொல்லலை, நெஞ்சைச் சுடுது. வேகாததைக் கொண்டுவந்து இலையில போட்டது தப்பு. யாரும் வாங்காதீங்க."

அத்தனையும் உண்மை. ஏகாம்பரத்தின் நெஞ்சிலேயே ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம் இருந்தது. ஆனால் ஊமத்தம்பட்டிக்குக் கருவி மேல் கோபம் வரவில்லை, பையன் மேல் வந்தது. சுடுகிற சாமானை விட்டுவிட்டுச் சுடுகிறது என்று சொன்னவனை அடிக்கக் கிளம்புகிற ஜனம் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று நினைக்காதீர்கள். நிறைய இருக்கிறது. இவர்கள் கூட்டம் போட்டுச் செய்தார்கள், அதுதான் வித்தியாசம்.

கண்டனக் கூட்டம் மில் வாசலில் நடந்தது.

"வேகலைங்கிறான், சுடுதுங்கிறான்" என்றான் லோடு வண்டி ஓட்டும் தவசி. "வேகாத சோறு எப்படிய்யா சுடும்? ரெண்டுல ஒண்ணு பொய்."

சபை தலையாட்டியது.

"பாதிதான் செஞ்சிருக்கோம்னு கம்பெனிக்காரனே சொல்லிட்டான்" என்றான் பூமாலை. "அப்ப பாதியைத்தானே குறை சொல்லணும்? இந்தப் பய முழுசையும் சொல்லியிருக்கான். என் வீட்டையே எடுத்துக்குங்க. கூரை இல்லாம எத்தனை வருஷமா நிக்குது. யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"மழை வந்தா எங்க வீட்டுக்குத்தானே வந்து படுக்குறே" என்றான் தவசி.

"படுக்குறேன். குறை சொன்னியா?"

தவசி சொன்னதில்லை என்று ஒப்புக்கொண்டான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஆனால் அந்த வாரமே கம்பெனியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. இப்படிப்பட்ட விமர்சனங்களால் விற்பனை படுத்துவிட்டதாம். நிலைமை மாறாவிட்டால் மாதக் கடைசியோடு எல்லாக் கருவிகளையும் அணைத்துவிடுவார்களாம். ஏகாம்பரத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இது போய்விட்டால் மறுபடியும் அந்த மிக்ஸிச் சத்தம்தான் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது. மறுநாள் காலையில் தவசியின் குட்டியானை லோடு வண்டியில் பூமாலையை ஏற்றிக்கொண்டு உறையூருக்குப் புறப்பட்டார்.

திவாகர் நல்ல பையன். வந்தவர்களுக்கு டீ கொடுத்தான்.

"தம்பி, நீ பேசினதைத் திரும்ப வாங்கிக்கணும்" என்றார் ஏகாம்பரம். "ஒரு உசிரு போகப்போவுது."

"ஐயா, அது வேலை செய்யலையே."

"யாருதான் வேலை செய்யுறா? எங்க பூமாலை செய்யுறானா? அவனைப் பத்தி வீடியோ போட்டியா?"

திவாகர் பூமாலையைப் பார்த்தான். "சரிங்கய்யா, ஒண்ணு செய்வோம்" என்றான். "இதுகிட்ட வழி கேட்டே ஊருக்குப் போங்க. வேற யார்கிட்டயும் கேக்கக்கூடாது. அது சொல்ற வழியில வீடு போய்ச் சேர்ந்துட்டீங்கன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. வீடியோவை எடுத்துட்டு மன்னிப்பும் கேட்டுக்கிறேன்."

மூவரும் சந்தோஷமாக வண்டி ஏறினார்கள். ஊருக்கு வழி தெரியாத ஆள் அந்த வண்டியில் யாரும் இல்லை. மாதம் நாலு தடவை திருச்சிக்கு வந்துபோகிறவர்கள். ஆனால் தனக்கே தெரிந்த வழியில் போனால் அது தன்னிடமே கேட்ட மாதிரி ஆகிவிடும், வாக்குத் தவறக்கூடாது என்று ஏகாம்பரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊர்ப் பெயர்ப் பலகைகளையும் பார்க்கக்கூடாது என்று முடிவானது. அவரும் பூமாலையும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தவசிக்கு மட்டும் ரோட்டைப் பார்க்கும் அளவுக்கு அனுமதி கொடுத்தார்கள்.

"நேராகச் செல்லவும்" என்றது நெஞ்சுத்தோழன்.

ஓர் இடத்தில் ரோடு வளைந்தது. கருவி வளையச் சொல்லவில்லை. தவசி நேராகப் போனான். கத்தரிக்காய்த் தோட்டத்திலிருந்து வண்டியைத் தள்ளி மேலே கொண்டுவரத் தோட்டக்காரர் உதவி செய்தார், திட்டிக்கொண்டேதான்.

வெயில் சாயத் தொடங்கியபோது, ஆற்றுக் காற்றே மேலே படாததால், கண்ணை மூடியிருந்த பூமாலைக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"தலைவரே, வரும்போது காவிரி, கொள்ளிடம்னு ரெண்டு ஆறு தாண்டினோம். இப்ப ஒண்ணுகூட வரலையே."

"வத்திப்போயிருக்கும்" என்றான் தவசி.

"காலையில தண்ணி ஓடிச்சேப்பா. சரி, தண்ணிதான் வத்துச்சு. பாலமுமா வத்தும்?"

ஏகாம்பரம் ஆழ்ந்து யோசித்தார். "ஆறே இல்லாத எடத்துல பாலத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிருப்பான்" என்றார். அரசாங்கம் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்வதை எண்ணி மூவருக்கும் திருப்தி உண்டானது.

கடைசியில் ஒரு வீட்டு வாசலில் கருவி, "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. சொல்லிவிட்டு, சூடு தாங்காமல் ஒரு தடவை சிணுங்கி அணைந்தது. கண்ணைத் திறந்தார்கள்.

"நம்ம ஊரு மாதிரி தெரியலையே" என்றான் தவசி.

"தண்ணித் தொட்டி இருக்கு பார். நம்ம ஊர்லயும் இருக்கு" என்றான் பூமாலை. அப்போது ஒரு நாய் வந்து அவனைப் பார்த்துக் குரைத்தது. "இந்தா, வேற என்ன சாட்சி வேணும்? என்னைக் கண்டா நம்ம ஊர் நாய் குரைக்காம இருந்திருக்கா?"

ஏகாம்பரம் வீட்டைப் பார்த்தார். அவர் வீட்டுக் கதவு பச்சை, இது நீலம். அவர் வீடு ஓட்டு வீடு, இது மாடி. இது என் வீடு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பையன் சொன்னது அத்தனையும் மெய்யாகிவிடும். மாதக் கடைசியில் நெஞ்சில் இருப்பது செத்துப்போகும். மூட்டுவலியை மீண்டும் சொல்லுங்கள் என்று கேட்க நாதி இருக்காது. அவர் கதவை இன்னொரு தடவை பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் பச்சை தெரிந்தது.

உள்ளேயிருந்து வாளியோடு வந்த ஒரு மீசைக்காரர், "யாருங்க நீங்க?" என்றார்.

"என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என்னையே யாருன்னு கேக்குறீங்களே, நல்லா இருக்கா?" என்றபடி ஏகாம்பரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, கால் கழுவத் தண்ணீர் கேட்டார். திவாகருக்கு, வீடு வந்து சேர்ந்தாயிற்று, மன்னிப்பைத் தயார் பண்ணு என்று சொல்லப் போனை எடுத்தார். அதற்குள் மணி அடித்தது. மருதாயி.

"எங்கங்க இருக்கீங்க? காலையில போனவரு, இன்னும் காணோமே" என்றாள்.

"வீட்டுலதான் இருக்கேன்."

"வீட்டுலயா? நான்தானே வீட்டுல இருக்கேன்?"

ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். போனைக் கையால் பொத்திக்கொண்டு பூமாலையிடம், "அட கடவுளே, மருதாயி எங்கேயோ வழி தப்பிப் போயிட்டாடா" என்றார். பிறகு போனில் குரலைத் தணித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஆதரவாகச் சொன்னார்:

"இந்தா பாரு, பயப்படாத. நிக்கிற எடத்தை விட்டு அசையாத. அக்கம்பக்கத்துல யாராச்சும் நல்ல மனுஷங்க இருந்தா அது எந்த ஊருன்னு கேட்டுச் சொல்லு. தவசியை வண்டியோட அனுப்பி வைக்கிறேன்."