ஆட்டுக் கண்ணால் பார்த்த கீதாரி

உட்காருங்கள், சொல்கிறேன். காடு பாதி, ஓநாய் பாதியாக நாடு கிடந்த காலம். அப்போது இருளாண்டி என்றொரு கீதாரி இருந்தான். நூறு செம்மறி ஆடுகளை ஊர் ஊராக ஓட்டி மேய்ப்பவன். அவன் மனைவி ஒச்சாயி.

ஆட்டுக் கிடைக்குக் காவல் ஒரே ஒரு நாய். அதற்கும் பல் தேய்ந்துவிட்டது. கடைசியாக மூன்று குட்டி போட்டது. மூன்றில் ஒன்றாவது தேறினால்தான் மழைக்காலத்தில் ஆடுகள் ஓநாயிடமிருந்து தப்பும். இருளாண்டிக்கு அல்லும் பகலும் அதே கவலை.

கவலைப்படத் தெரிந்த மனுஷனுக்குப் பார்க்கத் தெரியவில்லை. அந்தியில் திரும்பும் ஆட்டின் வயிறு புடைத்திருந்தால் மேய்ச்சல் நல்லது என்பது கீதாரிகள் கணக்கு. மூன்று வாரமான குட்டிகளின் வயிறும் பானையாகப் புடைத்திருந்தது. "நல்லா குடிச்சிருக்கு" என்று நிம்மதியாகிவிட்டான்.

அதிலிருந்து மூன்றாம் நாள் ஒரு குட்டி செத்தது. கண் பட்டுவிட்டதென்று மற்ற இரண்டுக்கும் கறுப்புக் கயிறு கட்டினான். ஏழாம் நாள் இன்னொன்று செத்தது. பால் போதவில்லையென்று மிஞ்சியதற்கு ஆட்டுப்பால் புகட்டினான். அது பாலைக் கக்கியது. பாலோடு நூல் நூலாக வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

ஒச்சாயி ஓடிவந்தாள். குட்டியைத் தூக்கித் தடவினாள். வயிறு பெருத்திருந்தது, விலா எலும்போ விரலில் இடித்தது. உதட்டை விலக்கினால் ஈறு வெளுத்துக் கிடந்தது.

"ஆட்டுக் கண்ணால நாயப் பாத்திருக்கியேய்யா! இது பால் குடிச்ச வயிறா? புழு குடியிருக்கிற வயிறுய்யா!"

இருவரும் குட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர் வைத்தியச்சி சிட்டாளிடம் ஓடினார்கள். அவள் கசப்பு மருந்து அரைத்துப் புகட்டினாள்.

"இன்னைக்கு ஒரு தடவ. பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு தடவ. அதுக்கும் பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு தடவ. அப்பப்ப பச்சையா அரைச்சாத்தான் கேக்கும், இங்கயே வாங்க. தாய்க்கும் குடுக்கணும், புழு பால் வழியாவும் இறங்கும். பீயக் குழிதோண்டிப் புதைங்க. கையக் கழுவுங்க."

முதல் மருந்துக்குப் புழு கொத்தாக விழுந்தது. குட்டி வாலாட்டியது. ஆனால் அங்கே புல் தீர்ந்துவிட்டது, ஆடுகள் கத்தத் தொடங்கின.

"புழுதான் போயிருச்சே, கெளம்புவோம்" என்றான் இருளாண்டி.

"புழு போச்சு. உடம்புக்குள்ள இன்னும் ஊர்ற குஞ்சுப் புழு?"

"ஒரு நாய்க்காக நூறு ஆடு பட்டினி கெடக்கணுமா?"

"இந்த ஒண்ணு இல்லாட்டி நூறும் யாருக்குய்யா?"

இருளாண்டி கிளம்பவில்லை. முள் கீற, தினமும் வேலமரம் ஏறிக் காயை உலுக்கி ஆடுகளுக்குப் போட்டான். ஆடுகள் மெலிவதைப் பார்த்தால் பயம், குட்டியைப் பார்த்தாலும் பயம்.

பதினைந்தாம் நாள் இரண்டாவது மருந்து. மறுநாள் பார்த்தால் மறுபடியும் புழு! மயிரிழையாக, உயிரோடு. கிளம்பியிருந்தால் என்னாகியிருக்கும் என்று நினைத்து, குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்றாவது மருந்துக்கு மறுநாள் குட்டியின் பீயைக் குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தான். ஒன்றுமில்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதான், செத்துப்போன இரண்டுக்கும் சேர்த்து.

ஆபத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவன், அந்த ஆபத்தைத் தன் கையாலேயே வளர்க்கிறான்.