சுற்றிப் பார்த்துப் படு

அந்தக் காலத்தில் ஆடும் நாயும் மனிதரைப் போலவே பேசின. பேசத் தெரிந்து என்ன பயன், அப்போதும் இடத்துக்குச் சண்டைதான்.

ஆட்டுக் கிடை போட்டு ஊர் ஊராகப் போகிறவள் குருவம்மா. காலையில் அவள் புருஷன் செம்மறிகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போய்விடுவான். இளங்குட்டிகளைக் கூடைபோலக் கவிழ்த்த பனையோலைக் கூடாப்புக்குள் அடைத்துவிட்டு அவள் காவல் இருப்பாள். துணைக்கு மூன்று நாய்கள். மண்டையனும் செவலையும் கன்றுக்குட்டி உயரம். மூன்றாவதான பொட்டு ஒரு முறத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் குருவம்மாவின் மடி தனக்கு மட்டும்தான் என்று அது முடிவு செய்திருந்தது.

மற்றவை பக்கத்தில் வந்தால் போதும், பல்லைக் காட்டி உறுமும். "எங்க அம்மா மடி! தள்ளிப் போங்க!"

தண்ணீர் சுமந்து, விறகு பொறுக்கி, கஞ்சி காய்ச்சி ஓய்ந்து போனவளுக்குப் பஞ்சாயத்துப் பண்ணத் தெம்பு ஏது? "சும்மா கெட, சனியனே" என்று ஒரு துண்டு கருவாட்டை அதன் வாயில் திணிப்பாள். உறுமினால் கருவாடு என்று பொட்டு கற்றுக்கொண்டது. மண்டையனும் செவலையும் சலித்துப் போய், ஓடைக்கு அந்தப் பக்கம் வேலமரத்தடியில் படுத்துக்கொண்டன.

ஒரு நண்பகலில் குருவம்மா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். நரி வந்து கூடாப்பை மூக்கால் நெம்பியது. பொட்டு மடியில் இருந்தபடியே தொண்டை கிழிய உறுமியது. இறங்கவில்லை. இறங்கினால் மடி போய்விடுமே!

வேலமரத்தடியில் செவலை காதைத் தூக்கியது. "உறுமுதே, போவமா?"

"நம்மளத்தான் வெரட்டுது. படு" என்றது மண்டையன்.

குருவம்மா விழித்தபோது, நரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு புதருக்குள் மறைந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் தாய் ஆடு பால் கட்டிக்கொண்டு ஓடி வந்தது. "எம் புள்ள எங்க?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டது.

பொட்டு பயந்து மடிக்குத் தாவியது. குருவம்மா எழுந்து நின்றுவிட்டாள். அடிக்கவில்லை. கை தூக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

"தப்பு உம்மேல மட்டும் இல்ல. உறுமுனப்பெல்லாம் கருவாடு குடுத்தவ நாந்தான். இனிமே நீ உறுமுனா நான் எந்திரிச்சுருவேன். படுக்கணுமா, மொதல்ல சுத்திப் பாரு. அவனுக்கு எடம் இருக்கா, இவளுக்கு எடம் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் படு."

பொட்டு உடனே திருந்திவிடவில்லை. அன்று மட்டும் ஏழெட்டு முறை உறுமியது. அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை எழுந்தாள். எத்தனை நாள் அப்படிப் போனதோ! ஒரு மத்தியானம் பொட்டு தானாகவே மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மடியின் ஓரமாக ஒதுங்கிப் படுத்தது. மற்ற இரண்டும் தயங்கித் தயங்கி ஓடையைத் தாண்டி வந்தன. போன குட்டிதான் வரவில்லை.

அன்று முதல்தான் நாய்கள் படுக்குமுன் சுற்றிப் பார்க்கின்றன. பேச்சு மறந்துபோயிற்று, இது மறக்கவில்லை. ஆளில்லாத தெருவில் ஒற்றையாகக் கிடக்கிற நாய்கூட, தன்னால் இடமில்லாமல் யாராவது தள்ளி நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் தலையைச் சாய்க்கிறது.