பலாப்பழம் ஓட்டின வண்டி

சிலுப்பன்ங்கிற கீரிப்பிள்ளைக்கிட்ட ஒரு நுங்கு வண்டி இருந்துச்சு. காலி நுங்குக் கூடு ரெண்டு சக்கரம். நடுவுல ஒரு குச்சி. உக்கார ஒரு பனமட்டை. மட்டையில உக்காந்து பின்னங்காலால மண்ணைத் தள்ளினா வண்டி உருளும். காட்டுல வண்டி வச்சிருந்தது மொத்தம் நாலு பேரு, நாலு வண்டியும் ஒரே மாதிரி இருக்கும். அதனால சிலுப்பன் தன் வண்டிக்குப் பின்னாடி நாலு பல்லும் பதியற மாதிரி ஒரு கடி கடிச்சு, அடையாளம் வச்சிருந்தான்.

அந்த வண்டிப் பாதை ஒரு இடத்துல யானைப் பாதையைக் குறுக்கே தாண்டிப் போகும். ஒருநாள் ஒரு குட்டி யானை முயலோட வண்டி மேல காலை வச்சு, வழுக்கி, நடுரோட்டுல உக்காந்துடுச்சு. யானைக் கூட்டத்துக்குக் கோவம்னா கோவம், அப்படி ஒரு கோவம்!

காட்டுக்கு நியாயம் சொல்றவங்க சடையாயிங்கிற கரடியம்மா. அவங்க ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. பாதை ஓரத்துக் கட்டை மேல பச்சோந்தியை உக்கார வச்சாங்க. அவர் பச்சையா இருந்தா வண்டி போகலாம். செவப்பானா யானைங்க முறை. பக்கத்து வேங்கை மரத்துல மரங்கொத்தியை வச்சாங்க. செவப்புல ரோட்டுல யாராவது இருந்தா, மரங்கொத்தி அந்த வண்டியைப் பின்னாடியிருந்து பார்த்து, அப்படியே மரப்பட்டையில படமா கொத்திடுவார்.

"படம் வந்தா மூணாம் நாள் நோட்டீஸ் வரும். வண்டி பறிமுதல்!" இதையெல்லாம் கரடியம்மா கூட்டம் போட்டு விளக்கமாத்தான் சொன்னாங்க. ஆனா அன்னைக்குப் பார்த்துப் புத்துலேர்ந்து ஈசல் கிளம்பிடுச்சு. கூட்டமே வாயைத் திறந்து வச்சுக்கிட்டு இருந்துச்சு, காதை யாரும் திறக்கல. சிலுப்பன் மட்டும் அறுபது ஈசல் தின்னான்.

அடுத்த வாரம் அவனோட சிநேகிதன் சாந்தப்பன் வந்தான். சாந்தப்பன் ஒரு ஆமை.

"மச்சான், கீழ்க்குளம் வத்திடுச்சு. மேட்டுக்குளத்துக்குப் போகணும். உன் வண்டியைக் கொடேன். நடந்து போனா நான் போய்ச் சேர்றதுக்குள்ள அதுவும் வத்திடும்."

"எடுத்துட்டுப் போ மாப்ள! ஆனா பார்த்து ஓட்டு. இது சாதாரண வண்டி இல்ல, பறக்கும்!"

சாந்தப்பன் வண்டியில ஏறி, குட்டைக் காலால மண்ணைத் தள்ளித் தள்ளிக் கிளம்பினான். சிலுப்பன் ஒரு தூக்கம் போட்டு எழுந்து பார்த்தான். வண்டி இன்னும் கண்ணுக்குத் தெரிஞ்ச தூரத்துலதான் பறந்துக்கிட்டு இருந்துச்சு.

மறுநாள் சிலுப்பன் மேட்டுக்குளம் வரைக்கும் நடந்து போய் வண்டியை வாங்கிக்கிட்டு வந்தான். வர்ற வழியில வேங்கை மரத்தடியில ஒரே கூட்டம். மரத்துல புத்தம் புதுசா ஒரு படம். அதுல ஒரு நுங்கு வண்டி. பின்னாடி நாலு பல்லுத் தடம்!

கூட்டத்துல ஏழு தவிட்டுக்குருவிங்க இருந்தாங்க. அக்கா தங்கச்சிங்க. ஒருத்தி ஆரம்பிச்சா ஏழு பேரும் பேசுவாங்க.

"அண்ணே! இது உங்க வண்டிதானே?"

"உங்க பல்லுதானே?"

"செவப்புல போயிருக்கீங்களே அண்ணே! யானைங்க வர்ற நேரத்துல!"

சிலுப்பன் வாயைத் திறந்தான். 'அது நான் இல்ல'ன்னு சொல்லத்தான் திறந்தான். அதுக்குள்ள ஒரு அணில், "அடேங்கப்பா! என்ன தைரியம்!"னு கன்னத்துல கையை வச்சுக்கிச்சு. சிலுப்பனைப் பார்த்து அந்தக் காட்டுல இதுவரைக்கும் யாரும் கன்னத்துல கை வச்சதில்ல. தலையில வேணா அடிச்சுக்கிட்டிருக்காங்க.

"தைரியமா? அதெல்லாம் நமக்குச் சாதாரணம்!" அப்படின்னு அவன் வாய் தானா சொல்லிடுச்சு.

"ஆமா, வண்டி மேல உருண்டையா ஒண்ணு தெரியுதே, அது என்ன அண்ணே?"

சிலுப்பன் எட்டிப் பார்த்தான். அது சாந்தப்பனோட முதுகு.

"அதுவா? பலாப்பழம்!"

"அப்போ நீங்க எங்க?"

"பழத்துக்கு முன்னாடி. மறைக்குது. அம்மாம் பெரிய பழம்! அந்தப் பாரத்தோடயே இந்த வேகம்னா, பாரம் இல்லாம எப்படிப் போவேன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க!"

அவங்களும் யோசிச்சுப் பார்த்து அசந்து போனாங்க. சிலுப்பன் அன்னைக்கு வளைக்குப் போகவே இல்ல. படத்துக்குப் பக்கத்துலயே வாலை நிமிர்த்திக்கிட்டு நின்னான். மத்தியானம் கதையில ரெண்டு யானை வந்துச்சு. சாயங்காலம் அது அஞ்சாச்சு. மறுநாள் ஒன்பது யானை, அதுல ஒண்ணோட தந்தம் அவன் மீசையை உரசிக்கிட்டு வேற போச்சு!

மூணாம் நாள் காக்கா நோட்டீஸோட வளைக்கு வந்துச்சு.

"நாலு பல்லு அடையாள வண்டி, செவப்புல பாதையில இருந்தது. மழைக்காலம் முடியற வரைக்கும் வண்டி பறிமுதல். ஓட்டினது வேற யாராவதுன்னா, நாளைக்குக் காலையில அவரைக் கூட்டிக்கிட்டு வந்து நிரூபிக்கலாம்." வாசிச்சு முடிச்சதும் ரெண்டு குரங்குங்க வந்து வண்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

அறுபது ஈசல் தின்ன அன்னைக்குக் கரடியம்மா சொன்னது இதுதான்னு சிலுப்பனுக்கு அப்போதான் புரிஞ்சுது.

வானம் கறுத்துக்கிட்டு வந்தது. அவங்க வளை பள்ளத்துல இருந்துச்சு. போன வருஷம் மழை கொட்டினப்போ அவன் பொண்டாட்டி பவளாயி, வாயில ஒவ்வொரு குட்டியா கவ்விக்கிட்டு வெள்ளத்துல நீந்தினா. அப்போ குட்டிங்க ரெண்டு. இப்போ அஞ்சு. அஞ்சையும் ஒரே நடையில மேட்டுக்குக் கொண்டு போகணும்னா வண்டி வேணும்.

"ஏங்க, அன்னைக்கு வண்டி சாந்தப்பன் அண்ணன்கிட்டல்ல இருந்துச்சு?"

"ஆமா."

"அப்போ நேரா போய் அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம். ஆனா ஒரு சின்னச் சிக்கல் இருக்கு."

"எவ்ளோ சின்னது?"

"ஒரு ஒன்பது யானை அளவுக்கு."

பவளாயி நிமிர்ந்தா. மேல மேகத்தைப் பார்த்தா. அப்புறம் குட்டிங்களைப் பார்த்தா. அவ திட்டியிருந்தாக் கூடத் தேவலைன்னு இருந்துச்சு சிலுப்பனுக்கு.

அவன் மேட்டுக்குளத்துக்கு ஒரே ஓட்டமா ஓடினான்.

"மாப்ள! நாளைக்குக் காலையில நீ கரடியம்மா முன்னாடி வந்து நிக்கணும்!"

"நாளைக்கா? அதை ஏன் மச்சான் போன வாரமே சொல்லல?"

"தலையை உள்ள இழுத்துக்கோ!"

சாந்தப்பன் எதுக்குன்னு கேக்கலாம்னு வாயைத் திறந்தான். அதுக்குள்ள சிலுப்பன் அவனைப் பக்கவாட்டுல நிமிர்த்தி, இறக்கத்துல உருட்டிக்கிட்டே கிளம்பிட்டான்.

காலையில வேங்கை மரத்தடியில விசாரணை. காடே வந்திருந்துச்சு. சாந்தப்பனுக்குத் தலை சுத்தல் இன்னும் நிக்கல. கரடியம்மா இருந்த பக்கம் விட்டுட்டு ஒரு புதருக்குக் கும்பிடு போட்டான்.

"சொல்லு சிலுப்பா!" அப்படின்னாங்க கரடியம்மா.

"தாயே, வண்டி என்னுதுதான். ஆனா ஓட்டினது நான் இல்ல. சாந்தப்பன்!"

தவிட்டுக்குருவிங்க ஏழு பேரும் எகிறிக் குதிச்சாங்க.

"பொய்யி தாயே! அண்ணன்தான் ஓட்டினாரு! அவரே சொன்னாரு!"

"எங்க ஏழு பேருகிட்டயும் தனித்தனியா சொன்னாரு!"

"தந்தம் மீசையில உரசுச்சாம் தாயே!"

சிலுப்பன் மீசையைத் தடவினான். உண்மையையும் சொல்லணும், மானமும் போகக் கூடாது. அதுக்கு நடுவுல ஒரு சந்து கிடைக்குமான்னு தேடினான்.

"அது வந்து தாயே... ரெண்டு பேரும்தான் போனோம். அவன் ஓட்டினான். நான் எப்படி ஓட்டணும்னு சொல்லிக்கிட்டு வந்தேன்."

"அப்போ பலாப்பழம்?"னு கேட்டா ஒரு குருவி.

"பழமும்தான் இருந்துச்சு."

கரடியம்மா அந்த வண்டியைப் பார்த்தாங்க. கையகலப் பனமட்டை. "இதுல நீ, ஒரு ஆமை, ஒரு பலாப்பழம். மூணு பேரும் உக்காந்து போனீங்க?"

"கொஞ்சம் நெருக்கிக்கிட்டுத்தான் தாயே..."

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. அப்போ தூரத்துல இடி உருண்டுச்சு. பவளாயி சட்டுனு அஞ்சு குட்டிங்களையும் வயித்தோட சேர்த்து அணைச்சுக்கிட்டா. சிலுப்பன் அதைப் பார்த்தான். நிமிர்த்தி வச்சிருந்த வாலை மெதுவா கீழ இறக்கினான்.

"தாயே, அது பலாப்பழம் இல்ல. சாந்தப்பனோட முதுகு. நான் அந்த வண்டியில இல்லவே இல்ல. அந்த நேரத்துல வளையில குறட்டை விட்டுக்கிட்டு இருந்தேன். மூணு நாளா சொன்னதெல்லாம் பொய்யி."

"அப்போ உன் வேகம்?"

"வேகமா? இறக்கம் வந்தா நான் வண்டியை விட்டு இறங்கிடுவேன் தாயே. கையில பிடிச்சுத் தள்ளிக்கிட்டுத்தான் வருவேன். பச்சை வந்த பிறகும், இது நிஜப் பச்சைதானான்னு கொஞ்ச நேரம் நின்னு பார்ப்பேன். ஒன்பது யானையெல்லாம் வேணாம், ஒரு யானை தும்மினாலே என்னை வண்டிக்கு அடியிலதான் தேடணும். இந்த வண்டியில நான் பண்ணின ஒரே வீரம், அதைக் கடிச்சதுதான்!"

யாரும் சிரிக்கல. அந்த அணில் கன்னத்துல இருந்த கையை எடுத்துடுச்சு.

அப்போ சாந்தப்பன் புதருக்கிட்டேர்ந்து மெதுவா தலையைத் திருப்பினான்.

"அப்போ அந்தப் பலாப்பழம் நானா, மச்சான்?"

"மன்னிச்சுக்கோ மாப்ள."

"பழுத்ததா, காயா?"

இப்போ எல்லாரும் சிரிச்சாங்க, கரடியம்மா உள்பட. சாந்தப்பன் படத்துக்குக் கீழ போய், திரும்பி, முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான். கோட்டுக்குக் கோடு, கட்டத்துக்குக் கட்டம் அப்படியே பொருந்துச்சு.

"சரி, ஓட்டினது நீதான். செவப்புல ஏன்பா போன?"

"நான் போகலையே தாயே! பச்சையிலதான் உள்ள வந்தேன். முடிஞ்ச அளவுக்கு வேகமாத்தான் தள்ளினேன். நடுவுல வர்றதுக்குள்ள செவப்பாயிடுச்சு."

கட்டை மேல இருந்த பச்சோந்தி தொண்டையைக் கனைச்சார்.

"அது உண்மைதாங்க. இவருக்காக நானும் தம் பிடிச்சுப் பச்சையாவே இருந்தேன். எவ்ளோ நேரம்தான் இருக்கறது? தோலெல்லாம் எரிஞ்சு போச்சு! யானைங்களும் பார்த்துட்டு, பாவம்னு ஓரமா நின்னாங்க."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"யாரும் என்னைக் கேக்கலையே! இந்தக் கீரி அண்ணன்தான் மூணு நாளா 'நான்தான், நான்தான்'னு கத்திக்கிட்டு இருந்தாரு."

மரங்கொத்தியும் தலையை ஆட்டினார். "செவப்புல ரோட்டுல எது இருந்தாலும் கொத்தச் சொன்னாங்க. எப்போ உள்ள வந்துச்சுன்னு பார்க்கச் சொல்லல."

"இனிமே அதையும் பாருங்க"ன்னாங்க கரடியம்மா. "பச்சையில வந்தவன் மேல குத்தம் இல்ல. வண்டியைக் கொடுத்துடுங்க! சிலுப்பா, நீ செவப்பை மீறல. ஆனா ஒரு நிமிஷத்துல முடிய வேண்டிய கேஸை நாலு நாள் இழுத்துட்ட. முதல்ல குட்டிங்களை மேட்டுல விடு. விட்டுட்டு வந்து இதே மரத்தடியில மூணு நாள் நில்லு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும், 'இது நான் இல்ல'ன்னு சொல்லு!"

சிலுப்பன் அப்பவே அஞ்சு குட்டிங்களையும் ஒண்ணு மேல ஒண்ணா வண்டியில ஏத்தினான். பாதைக்கு வந்தப்போ பச்சோந்தி செவப்பா இருந்தார். முதல் தூறல் விழுந்துச்சு. யானைங்க வந்தாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. அவ்வளவுதான். கடைசிக் குட்டி வண்டியிலேர்ந்து எட்டிப் பார்த்துச்சு.

"அப்பா, மீதி ஆறு யானை எங்கப்பா?"

பவளாயி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. அவ முதுகு குலுங்கினதை வச்சு, சிரிக்கிறான்னு சிலுப்பனுக்குத் தெரிஞ்சுது.

"அது அப்பா வாயில இருந்த யானைங்கடா. காலையிலயே எல்லாம் கிளம்பிப் போயிடுச்சு"ன்னான் அவன். பச்சை வர்ற வரைக்கும் நின்னான். வந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்னான். அப்புறம் வண்டியைத் தள்ளிக்கிட்டே மேடு ஏறினான்.

மறுநாள் கொட்டுற மழையில வேங்கை மரத்தடியில நனைஞ்சுக்கிட்டு நின்ன சிலுப்பன்கிட்ட, கதை தெரியாத முள்ளம்பன்றி ஒண்ணு வந்து, "இது நீ இல்லன்னா, உனக்கு ஏன்பா இங்க வேலை?"னு கேட்டுச்சு.

"இது நான்னு சொன்னது நான்தாங்க!"ன்னான் சிலுப்பன்.

நாம செய்யாத காரியத்துக்குப் பாராட்டைக் கேட்டு வாங்கிக்கிட்டா, அதுக்கு வர்ற தண்டனையும் நம்ம வீட்டைத் தேடித்தான் வரும்.