மஞ்சள் சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில், வழக்கு என்று வந்தால் விடுகதை போடும் ராஜா ஒருவர் இருந்தார். தீர்ப்புச் சொல்வதைவிட அது சுலபம் பாருங்கள்!

அவருடைய அரண்மனையில் மஞ்சள் இடிக்க ஏழு பெண்கள். அவர்களுக்கு அதிகாரி பரசுராயர். எந்நேரமும் வாயில் வெற்றிலை, விரலில் சுண்ணாம்பு. வேலையைப் பார்க்கிறேன் என்று வருவார். தோளைத் தடவுவார், இடுப்பைக் கிள்ளுவார். முறைத்தவளுக்கு அன்று இரண்டு மூட்டை மஞ்சள் கூடுதல். சீ, அவரும் ஒரு மனிதர்!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பூவாயி ஒருநாள் சபைக்கே வந்து சொல்லிவிட்டாள்.

"தட்டிக் கொடுத்தேன், மகாராஜா. தகப்பன் பாசம்," என்றார் பரசுராயர். மந்திரிகள் தலையாட்டினார்கள்.

ராஜா தாடையைச் சொறிந்தார். "வாயுள்ள சாட்சி பொய் சொல்லும். நாளைக்குள் வாயில்லாத சாட்சி வேண்டும். இல்லையேல் இவளுக்கு இங்கே வேலை இல்லை."

"நம் விகடகவி சாத்தப்பன் கொண்டுவரட்டுமே! தோற்றால் அவனும் கிளம்பட்டும்," என்று கோத்துவிட்டார் பொறாமைக்கார முதல் மந்திரி.

சாத்தப்பன் மஞ்சள் கொட்டகைக்குப் போனான். பூவாயி அழுதுகொண்டே சேலையைத் துவைக்க எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு கை பட்ட எடமெல்லாம் செவசெவன்னு நிக்குது சாமி. எம்புருசன் கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?"

சாத்தப்பன் துள்ளிக் குதித்தான். "துவைக்காதே தாயே! ஏழு பேர் சேலையும் அப்படியே வேணும்."

மறுநாள் சபையில் கொடி கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டான். மஞ்சள் தூள் படிந்த சேலைகளில், தோளிலும் இடுப்பிலும் சிவப்பு விரல் தடங்கள்.

"குங்குமக் கறை!" என்றார் பரசுராயர். தாம்பூலத்தை வாசலிலேயே துப்பிவிட்டு வந்தவர், விரலைத் துடைக்க மறந்திருந்தார்.

"இருக்கலாம், ஐயா. இது மட்டும் நழுவுகிறது, சற்றுப் பிடியுங்கள்," என்று மஞ்சள் நீரில் நனைத்த ஈரத்துணி ஒன்றை நீட்டினான் சாத்தப்பன்.

பிடித்தார். விரல் பட்ட இடம் சிவந்தது.

"மஞ்சளுக்கு வாய் கிடையாது, மகாராஜா. சுண்ணாம்புக்கும் கிடையாது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது, பூவாயியைத் தவிர.

"உனக்குச் சிரிப்பு வரவில்லையா, பெண்ணே?"

"அந்தாளு கிள்ளும்போதெல்லாம் சிரிச்ச மாதிரி நின்னோம் சாமி. எங்க சிரிப்பெல்லாம் அதுலயே தீந்துபோச்சு."

ராஜாவின் சிரிப்பு நின்றது. பரசுராயரை அப்போதே நாட்டைவிட்டு விரட்டினார். அவருடைய பதவி பூவாயிக்கு, பொன்னாடை சாத்தப்பனுக்கு.

அன்றோடு மந்திரிகளில் பாதிப்பேர் வெற்றிலை போடுவதையே விட்டுவிட்டார்களாம். கேட்டால், பல்வலி என்றார்கள்.